நள்ளிரவு வர்த்தமானியும் ஓர் அந்தர் வெங்காயமும்

2025 ஆகஸ்ட் இறுதியில், ஒரு நள்ளிரவு முதல், இலங்கையில் இறக்குமதி உருளைக்கிழங்கின் அறவீடு கிலோவுக்கு 60 ரூபாவிலிருந்து 80 ரூபாவாகவும் பெரிய வெங்காயத்தின் அறவீடு 10 ரூபாவிலிருந்து 50 ரூபாவாகவும் ஏறியது. உள்ளூர் விவசாயிகளைக் காப்பாற்றும் நடவடிக்கை என்றுதான் செய்தி வந்தது. சரி, எந்த ஊர் விவசாயி? ஆகஸ்டில் கிழங்கு கிண்டுவது வெலிமடைப் பக்கம். பெரிய வெங்காயம் பிடுங்குவது தம்புள்ளை, மாத்தளைப் பக்கம். யாழ்ப்பாணத்தில் கிழங்கு நடுவதே மாரி மழை கொஞ்சம் தணிந்த பிறகு, நவம்பரில்தான். கிண்டும்போது பெப்ரவரி, மார்ச் ஆகிவிடும். ஆகஸ்டில் போட்ட அறவீடு அப்போது எந்த அளவில் நிற்கும் என்பதை நடுகிற நாளில் ஒருவராலும் சொல்ல முடியாது.

இறக்குமதித் தீர்வை பற்றி நம்மிடையே நடக்கிற பேச்சு பெரும்பாலும் கூட்டு, குறை என்ற இரண்டு சொல்லுக்குள் முடிந்துவிடுகிறது. கமக்காரர் கூட்டச் சொல்வார், சாப்பாட்டுக்கடைக்காரர் குறைக்கச் சொல்வார். அந்தத் தொகை எங்கே எப்படிச் சேர்கிறது, எப்போது மாறுகிறது, எதற்காகப் போடப்பட்டது என்ற மூன்றையும் பார்த்தால்தான் அது யாருடைய பைக்குப் போகிறது என்று தெரியும்.

முதலில் கணக்கு. ஒரு சாதாரணப் பொருள், கொழும்புத் துறைமுகத்தில் வந்திறங்கும்போது கப்பற்கூலியும் காப்புறுதியும் சேர்த்து 100 ரூபா என்று வைப்போம். சுங்க இறக்குமதித் தீர்வை 20 சதவீதம் என்றால் 20 ரூபா. துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு 10 சதவீதம், 10 ரூபா. இனித்தான் வேடிக்கை. வற் எனும் பெறுமதி சேர் வரியை 100 ரூபாவுக்குப் போடுவதில்லை. 100 உடன் இன்னும் ஒரு 10 சதவீதத்தைச் சேர்த்து 110 ஆக்கி, அதன்மேல் முன்னே சொன்ன 30 ரூபாவையும் ஏற்றி, 140 ரூபாவுக்குப் போடுகிறார்கள். 18 சதவீதம் என்றால் 25 ரூபா 20 சதம். அதே 140 க்குச் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை அறவீடு 2.5 சதவீதம், 3 ரூபா 50 சதம். எல்லாம் கூட்டினால் 58 ரூபா 70 சதம். பெயருக்கு 20 சதவீதத் தீர்வை, கையில் கட்டுவது 59 க்குக் கிட்ட. இதில், சில பொருட்களுக்குத் தனியே விழும் செஸ் வரி இன்னும் சேரவில்லை. செஸ் உள்ள பொருளானால் அதுவும் ஏறும், அதற்கும் வற் உண்டு. தீர்வையை விட, செஸ், துறைமுக அறவீடு போன்ற துணை வரிகள்தான் இலங்கையின் உண்மையான சுவர். சர்வதேச நாணய நிதியம் 2023 மார்ச்சில் தொடங்கிய கடன் திட்டத்தில் இந்தத் துணை வரிகளைப் படிப்படியாக அகற்றச் சொல்லிக்கொண்டிருப்பதும் அதனால்தான்.

உருளைக்கிழங்கு, வெங்காயம், செத்தல் மிளகாய், சீனி, பருப்பு, ரின்மீன் போன்றவற்றுக்கு வேறு வழி. 2007 இன் 48 ஆம் இலக்கச் சட்டப்படி விசேட வியாபாரப் பண்ட அறவீடு என்று ஒன்று இருக்கிறது. அது விதிக்கப்பட்ட பொருளுக்கு மேலே சொன்ன வரிகள் எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் பதிலாகக் கிலோவுக்கு இவ்வளவு ரூபா என்று ஒரே தொகை. நிதி அமைச்சர் ஒரு வர்த்தமானியில் (அரசிதழ் அறிவித்தலில்) கையெழுத்திட்டால் அன்று நள்ளிரவே நடைமுறைக்கு வரும். பாராளுமன்ற அங்கீகாரம் பிறகு வந்து சேரும். நிர்வாகத்துக்கு இது மிக வசதி. சுங்கத்துக்கும் வசதி: சரக்கின் விலையைக் குறைத்துக் காட்டி ஏமாற்ற முடியாது, எடை போட்டால் போதும். பொருளின் வகையை மாற்றிச் சொல்லும் வித்தை மட்டும் மிச்சம் இருக்கிறது. பெரிய வெங்காயமும் சின்ன வெங்காயமும் சுங்கக் குறியீட்டில் 0703.10 என்ற ஒரே தலைப்பின் கீழ்த்தான் வருகின்றன. உட்பிரிவில் அறவீடு வித்தியாசப்பட்டால் சிலருடைய கண்ணுக்கு வெங்காயத்தின் அளவும் மாறித் தெரியும்.

கிலோவுக்கு ரூபா என்று போடுகிற அறவீட்டில் ஒரு பெரிய ஓட்டை உண்டு. ரூபா விழுந்தால் அறவீடும் சேர்ந்து தேய்ந்துவிடும். ஒரு கிலோ கிழங்கு 30 அமெரிக்க சதம் என்று வையுங்கள். டொலர் 200 ரூபாவாக இருந்த காலத்தில் அது 60 ரூபா. அறவீடு 50 ரூபா என்றால் விலையில் 83 சதவீதம். 2022 இல் டொலர் 360 ஐ எட்டியபோது அதே கிழங்கு 108 ரூபா. அதே 50 ரூபா இப்போது 46 சதவீதம். இறக்குமதிக் கிழங்கின் விலை டொலரோடு ஏறியதால் உள்ளூர்க் கிழங்குக்கும் விலை ஏறியது உண்மை. ஆனால் பசளை, கிருமிநாசினி, மண்ணெண்ணெய், விதைக்கிழங்கு எல்லாமே டொலரோடு ஏறின, சில அதற்கும் மேலே ஏறின. அறவீடு கொடுத்து வந்த அந்த 50 ரூபா ஆதரவு மட்டும் அசையாமல் நின்றது. சதவீதத்தில் போட்டிருந்தால் அது தானாக ஏறியிருக்கும். சதவீதம் போட்டால் பொய் விலைச்சீட்டு வரும், ரூபாவில் போட்டால் தேய்மானம் வரும். இரண்டில் எந்த நோயை விரும்புகிறோம் என்பதுதான் கேள்வி.

அறவீடு உள்ளூர் விலைக்கு ஓர் உச்சவரம்பைத்தான் தருகிறது, அடிவரம்பைத் தருவதில்லை. துறைமுகத்தில் 100 ரூபாக் கிழங்கு, 80 அறவீடு, இறக்குகூலி, அழுகல் கழிவு, இறக்குமதியாளரின் இலாபம் எல்லாம் சேர்ந்து கொழும்புப் புறக்கோட்டை மொத்தச் சந்தையில் 210 என்று வைத்தால், அதற்கு மேலே உள்ளூர்க் கிழங்கு நெடுநாள் போக முடியாது. கீழே எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு எல்லை இல்லை. எல்லாத் தோட்டத்திலும் ஒரே கிழமையில் அறுவடை வந்தால், சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே விலை சரியத்தான் செய்யும். சின்ன வெங்காயத்தில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்துக் கோப்பாய், உரும்பிராய், புத்தூர், அச்சுவேலிச் செம்மண்ணில் விளைவதற்குப் போட்டி இந்தியாவிலிருந்து மட்டுமா வருகிறது? நாட்டுக்குள்ளேயே இருக்கும் கற்பிட்டியிலிருந்தும் வருகிறது. கற்பிட்டிக்குச் சுங்கம் கிடையாது.

இன்னொன்று: சின்ன வெங்காயத்தின் விலையைத் தீர்மானிப்பதில் சின்ன வெங்காய அறவீட்டை விடப் பெரிய வெங்காய அறவீட்டுக்குத்தான் பலம் அதிகம். பெரிய வெங்காயம் மலிந்தால் சாப்பாட்டுக்கடைகள் எல்லாம் அதற்குத் தாவிவிடும். உரிப்பதும் சுலபம். சின்ன வெங்காயம் இல்லாமல் சம்பலும் குழம்பும் சரிவராது என்று பிடிவாதமாக நிற்கிற வீடுகள்தான் மிஞ்சும். ஆகவே 2025 ஆகஸ்டில் பெரிய வெங்காயத்துக்கு ஏறிய 40 ரூபா, தம்புள்ளைக்காரருக்காக ஏறியதானாலும், யாழ்ப்பாணத்து வலிகாமத் தோட்டக்காரருக்கும் கொஞ்சம் தோள் கொடுத்தது. தெற்கின் பெரிய வெங்காயக்காரரும் வடக்கின் சின்ன வெங்காயக்காரரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேச வேண்டிய ஆட்கள். அப்படி ஒரு மேசையை எந்த அரசியல்வாதியும் போட்டதில்லை. தனித்தனியாக வைத்திருப்பதில் அவர்களுக்குத்தான் எத்தனை வசதி.

இனி நள்ளிரவுக்கு வருவோம். ஒரு கொள்கலனில் 25 தொன் கிழங்கு வருகிறது என்று வைத்தால் 25,000 கிலோ. அறவீடு 20 ரூபா ஏறினால் ஒரு கொள்கலனுக்கு 5 இலட்சம் ரூபா வித்தியாசம். வர்த்தமானி வர முதல்நாள் பத்துக் கொள்கலனைத் துறைமுகத்திலிருந்து விடுவித்துக்கொண்டவருக்கு 50 இலட்சம் சும்மா வருகிறது. அறவீடு ஏறும் என்ற பேச்சு அடிபட்டாலே போதும்: எல்லோரும் முந்திக்கொண்டு இறக்குவார்கள், களஞ்சியம் நிரம்பும், அறவீடு ஏறிய பிறகு ஒரு மாதத்துக்கு விலை ஏறாது. அந்த ஒரு மாதம்தான் பல நேரம் நம்முடைய அறுவடை மாதம். குளிர்களஞ்சியம் வைத்திருப்பவர் காத்திருப்பார். தோட்டக்காரரால் முடியாது. சின்ன வெங்காயத்தைத் தாளோடு பிடி கட்டிக் கொட்டிலில் தொங்கவிட்டால் இரண்டு மூன்று மாதம் நிற்கும், எடையும் குறையும். உருளைக்கிழங்கு யாழ்ப்பாணத்துப் பங்குனி வெயிலில் அவ்வளவும் நிற்காது. நகை அடகில் இருக்கிறது, பசளைக்கடையில் கடன் இருக்கிறது, அடுத்த இறைப்புக்கு எண்ணெய் வேண்டும். பிடுங்கிய அன்றே சந்தைக்குப் போக வேண்டிய நிலை. அங்கே நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோ கழிவு என்று வெட்டுகிற பழக்கம் வேறு காத்திருக்கும். வர்த்தமானி கொடுத்ததில் எவ்வளவு தோட்டம் வரை வந்து சேர்கிறது என்பதை இந்த இடத்தில்தான் அளக்க வேண்டும்.

குறைப்பிலும் இதே கதை. 2020 ஒக்டோபர் 13 அன்று சீனியின் அறவீடு கிலோவுக்கு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைந்தது. 50 ரூபாவிலிருந்து 25 ரூபாவாக அல்ல, 25 சதமாக. சில்லறைக் கடையில் சீனி அதற்கேற்ப இறங்கவில்லை. அரசு இழந்த வருமானம் ஏறக்குறைய 1,600 கோடி ரூபா என்று கணக்காய்வில் வந்தது. திறைசேரிக்குப் போகாத அந்தப் பணம் தேநீர்க் கோப்பைக்கும் வரவில்லை. நடுவில் நின்றுவிட்டது. மூன்று வருடம் கழித்து, 2023 நவம்பரில், அறவீடு மறுபடி 50 ரூபாவானது. ஏற்றியபோது கடையில் விலை ஏறியதற்குத் தாமதம் எதுவும் இருக்கவில்லை. இறங்கும்போது நொண்டுவதும் ஏறும்போது ஓடுவதும், சில பேர் கையில் இருக்கிற இறக்குமதி வியாபாரத்தின் இயல்பு. தீர்வையை மாற்றுகிறவர்கள் சந்தையில் எத்தனை பேர் இறக்குகிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று பேர்தான் என்றால் குறைப்பின் பெரும்பகுதி அவர்களிடமே தங்கும்.

இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு முரண் கிடக்கிறது. அரசுக்கு வருமானம் வேண்டும் என்றால் கிழங்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். கமக்காரருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்றால் கிழங்கு வராமல் இருக்க வேண்டும். ஒரே அறவீடு இரண்டையும் செய்யாது. நிதி அமைச்சின் பேனாவில் அது இருக்கும்வரை, எந்தத் தொகையில் வரவு அதிகமோ அந்தத் தொகைதான் அவர்களுக்குச் சரியாகப் படும். அதில் சூழ்ச்சி ஏதும் இல்லை, அவர்களுடைய வேலை அது. ஆனால் அதைக் கமத்தொழிற் கொள்கை என்று நாம் நம்பி, நகையை அடகு வைத்து நாலு பரப்பு (கால் ஏக்கர்) கூட நடுவது நம்முடைய பிழை.

இந்தப் பாடத்தை யாழ்ப்பாணம் ஒருமுறை பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. 1970 இல் வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு வெங்காயம், மிளகாய், உருளைக்கிழங்கு இறக்குமதியை ஏறக்குறைய நிறுத்தியது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அது இன்னும் இறுகியது. வலிகாமத்துச் செம்மண்ணுக்கு அது பொற்காலம். மிளகாயும் வெங்காயமும் விற்றுக் கல்வீடு கட்டியவர்கள், நீரிறைக்கும் இயந்திரம் வாங்கியவர்கள், கிணற்றை ஆழமாக வெட்டியவர்கள் ஏராளம். கொழும்பில் பாணுக்கு வரிசை நின்ற வருடங்கள் அவை. வடக்கின் தோட்டங்களுக்கு மட்டும் கதை வேறாக இருந்தது.

கையில் பணம் வந்தால் ஆட்சிமேல் விசுவாசம் வரும் என்பது தீர்வை அரசியலின் பழைய நம்பிக்கை. அது அப்போது இங்கே பலிக்கவில்லை. தமிழ் மாணவர் பல்கலைக்கழகம் புகக் கூடுதல் புள்ளி எடுக்க வேண்டியதாக்கிய தரப்படுத்தல் வந்ததும் அதே ஆட்சியில். 1972 அரசியலமைப்பும் அதே ஆட்சியில். வெங்காயம் விற்ற பணத்தில் பிள்ளையைப் படிப்பித்தவருக்கு, அந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்காமற் போனபோது, வெங்காய விலை ஆறுதல் தரவில்லை. 1976 மே மாதம் தனித் தமிழீழம் கேட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானம், 1977 ஜூலைத் தேர்தலில் தமிழர் விடுதலைக் கூட்டணிக்கு 18 ஆசனம். இறக்குமதித் தடையால் பொருளாதாரத்தில் அதிகம் பயனடைந்த மண், அந்தத் தடையைப் போட்ட ஆட்சியிடமிருந்து அரசியலில் மிகத் தூரம் போனது.

பிறகு ஜே.ஆர். ஜெயவர்தன அரசு. 1977 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் நிதி அமைச்சர் ரொனி டி மெல் இறக்குமதிக் கதவைத் திறந்துவிட்டார். வெங்காயமும் மிளகாயும் கப்பலில் வந்தன. விலை விழுந்தது. தெற்கில் திறந்த பொருளாதாரத்தோடு ஆடைத் தொழிற்சாலையும் சுதந்திர வர்த்தக வலயமும் மகாவலித் திட்டமும் வந்தன. பழையது போனவருக்குப் புதியதில் ஓர் இடமாவது இருந்தது. வடக்குக்கு இந்த ஈட்டு ஏற்பாடு எதுவும் வரவில்லை. தோட்டத்தில் வருமானம் சுருங்கிய வீட்டில், பல்கலைக்கழகமும் அரசாங்க உத்தியோகமும் கிடைக்காமல் ஓர் இளைஞர் இருந்தார். போருக்கு வெங்காயம் காரணம் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் 1977 க்குப் பிந்திய யாழ்ப்பாணத்தின் கோபத்தை எழுதும்போது வெங்காய விலையை விட்டுவிட்டு எழுதினால் கணக்கில் ஒரு வரி குறையும்.

1970 களின் அந்த இறக்குமதித் தடை எதற்காகப் போடப்பட்டது என்பதையும் கவனிக்க வேண்டும். அன்னியச் செலாவணி இல்லை, அதனால் போட்டார்கள். கமக்காரர்மேல் இருந்த பரிவு அதற்குப் பிறகு ஒட்டப்பட்ட முகவுரை. அதனால்தான் அந்த ஏழு வருடத்தில் குளிர்களஞ்சியம் கட்டப்படவில்லை, விதை ஆராய்ச்சி தேவைக்கேற்ப வளரவில்லை. செலாவணிக்காகப் போட்ட தடை செலாவணி கிடைத்ததும் போய்விட்டது. 2020 இல் மறுபடி செலாவணி தட்டுப்பட்டபோது மறுபடி தடைகள் வந்தன. 2021 மே மாதம் இரசாயனப் பசளைக்கே தடை வந்தது. இயற்கை விவசாயம் என்று அதற்கு மேலுறை. அதே வருட நவம்பரில் அது பின்வாங்கப்பட்டது.

மஞ்சள் கதை இதிலே தனி அத்தியாயம். இறக்குமதியை நிறுத்தியதும் ஒரு கிலோ மஞ்சள் சில நூறு ரூபாவிலிருந்து ஆயிரக்கணக்குக்குப் போனது. மஞ்சள் நட்டுக் கிண்ட எட்டு ஒன்பது மாதம் செல்லும். விதைக்கிழங்கு வேண்டும். விதையாக வைக்க வேண்டியதையே அந்த விலைக்கு விற்றுவிட்டால் அடுத்த போகத்துக்கு எங்கே போவது? தடையை அறிவித்த நாளிலிருந்து உற்பத்தி பெருகும் நாள்வரை ஒரு பள்ளம் இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பியவை அரிசிமாக் கலப்படமும் பாக்குநீரிணைப் படகுகளும். அப்போது தமிழகத்தில் மொத்த விலை கிலோ 100 இந்திய ரூபாவுக்குக் கீழே. இந்தப் பக்கம் அதன் பல மடங்கு. நடுவில் சில மணிநேரக் கடல். மன்னார், கற்பிட்டி, யாழ்ப்பாணக் கரைகளில் கடற்படை மூட்டை மூட்டையாக மஞ்சளைப் பிடித்ததாகச் செய்தி வராத கிழமை குறைவு. பீடி இலைக்கும் இன்றுவரை இதே கதைதான். கள்ளக்கடத்தலை ஒழுக்கக் கேடாகப் பார்த்துப் பொலிஸைக் கூட்டுவதை விட, இரு கரை விலை வித்தியாசத்தைப் படகுச் செலவோடு ஒப்பிட்டுப் பார்த்தால், எந்தப் பொருள் எப்போது கடலில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். 1960, 70 களில் கடத்தலுக்குப் பேர்போன வல்வெட்டித்துறைக் கரை அறிந்திருந்த கணக்குத்தான் அது.

நாட்டுக்குள்ளேயும் சுங்கம் இருந்த காலம் ஒன்று உண்டு. போரின்போது, 1990 இலிருந்து வடக்குக்கு யூரியா, சீமெந்து, பற்றறி, எரிபொருள் எல்லாம் தடை. மோட்டார் சைக்கிளைச் சில துளி பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய வருடங்கள். 2002 இல் ஏ9 வீதி திறந்த பிறகு, வடக்கே வந்த லொறிகளுக்குப் புலிகள் வரி அறவிட்டார்கள். ஒரு பொருளின் வரவைத் தடுத்தால், அதன் தட்டுப்பாட்டு விலை எங்காவது ஓரிடத்தில் சேரத்தான் வேண்டும். சுங்கத்தில் வரியாகச் சேரலாம், அனுமதிப்பத்திரம் கொடுப்பவரிடம் சேரலாம், சோதனைச்சாவடியில் சேரலாம், படகுக்காரரிடம் சேரலாம். எங்களுடைய தலைமுறைகள் நாலையும் பார்த்துவிட்டன.

மற்றவர் எழுப்பும் சுவரையும் யாழ்ப்பாணம் நெடுங்காலமாக அறியும். மலையாளக் கரைக்குப் போன புகையிலை ஒரு காலத்தில் குடாநாட்டின் பெரிய வருமானம். திருவிதாங்கூர் அரசு புகையிலை வியாபாரத்தைத் தன் தனியுரிமையாக வைத்திருந்தது. 1863 இல் திவான் மாதவராவ் காலத்தில் அதை நீக்கி இறக்குமதித் தீர்வை போட்டார்கள். திருவனந்தபுரத்தில் ஒரு திவான் எடுத்த முடிவு இங்கே எத்தனை பரப்பில் புகையிலை நடுவது என்பதைத் தீர்மானித்தது. 2023 டிசெம்பரில் இந்தியா வெங்காய ஏற்றுமதியைத் தடை செய்தபோது நடந்ததும் அதுவே. அங்கே தேர்தல் வர இருந்தது, மகாராஷ்டிரத்து வெங்காயம் உள்நாட்டில் மலிவாக இருக்க வேண்டியிருந்தது. இங்கே பெரிய வெங்காயம் பல நூறு ரூபாவுக்கு ஏறியது. 2024 ஏப்ரலில் இலங்கைக்கென்று 10,000 தொன் மட்டும் விட்டார்கள். மே மாதம் தடை போய் 40 சதவீத ஏற்றுமதித் தீர்வை வந்தது, செப்ரெம்பரில் அது 20 ஆகி, 2025 ஏப்ரல் 1 உடன் முற்றாக நீங்கியது. இந்த ஒவ்வொரு படியிலும் வலிகாமத்துச் சின்ன வெங்காயத்தின் விலை அசையும். கொழும்பு வர்த்தமானியை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பவர் பாதிச் செய்தியைத்தான் படிக்கிறார்.

மற்றவர் சுவருக்கு இன்னோர் உதாரணம்: 2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்கா இலங்கைப் பொருட்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்த கணக்கு எப்படி வந்தது தெரியுமா? இலங்கையிலிருந்து அவர்கள் வாங்குவது வருடத்துக்கு ஏறக்குறைய 300 கோடி டொலர், விற்பது 37 கோடிக்குக் கிட்ட. பற்றாக்குறையை வாங்கும் தொகையால் வகுத்தால் 88 சதவீதம். அதில் பாதி 44. இலங்கை உண்மையில் என்ன தீர்வை போடுகிறது என்பது அந்தக் கணக்கில் எங்குமே இல்லை. ஜூலையில் 30 ஆகி, ஆகஸ்ட் 7 முதல் 20 ஆனது. அப்போது வியட்நாமுக்கும் பங்களாதேஷுக்கும் 20, கம்போடியாவுக்கு 19, இந்தியாவுக்கு ஆகஸ்ட் இறுதியில் 50. ஆடைத் தொழிலுக்கு முக்கியமாக இருந்தது இந்த ஒப்பீடுதான். எல்லோருக்கும் 20 என்றால் ஓடர் உடனே வேறு நாட்டுக்கு ஓடாது, வாங்குபவர் விலையைத்தான் பிழிவார். 4 டொலர் பருத்தி ரீசேட் ஒன்றுக்கு வழமையான தீர்வை 16.5 சதவீதம், 66 சதம். 2025 ஆகஸ்டில் வந்த 20 சதவீதத்துக்கு 80 சதம். இதைச் சுங்கத்தில் கட்டுவது அமெரிக்க இறக்குமதியாளர். அந்த 80 இல் 20 சதத்தை நீ தாங்கு என்று அவர் தொழிற்சாலைக்கு எழுதினால், 4 டொலரில் 5 சதவீதம் போயிற்று. தைத்துக் கொடுக்கும் தொழிலில் அது தாங்கக்கூடிய சின்னத் தொகை அல்ல. கிளிநொச்சியில் மெசின் முன்னால் இருக்கும் பிள்ளைக்கு அது மேலதிக நேர வேலை குறைவதாக வந்து சேரும். வேலை போனால்தான் பாதிப்பு என்று நினைப்பவர்கள் சம்பளச் சீட்டை வாசிப்பதில்லை.

திரும்பவும் தோட்டத்துக்கு. விளைபொருளுக்குப் போடும் தீர்வையை மட்டும் பார்த்துப் பாதுகாப்பை அளக்கக்கூடாது, உள்ளீட்டுக்குப் போடுவதையும் கழிக்க வேண்டும். உலக விலையில் 100 ரூபாப் பொருளுக்கு 60 ரூபா உள்ளீடு என்றால் உழைப்புக்கும் நிலத்துக்கும் 40 மிஞ்சும். விளைபொருளுக்கு 20 சதவீதம் போட்டால் 120. உள்ளீட்டுக்கு 40 சதவீதம் போட்டால் 84. மிஞ்சுவது 36. பாதுகாப்பு என்ற பெயரில் 4 ரூபா பறிபோயிற்று. நீரிறைக்கும் பம்பியின் உதிரிப்பாகம், தூறல் பாசனக் குழாய், வலை, தெளிகருவி என்று ஒவ்வொன்றாக எடுத்து, குறியீட்டைப் பார்த்து, முன்னே காட்டியபடி வரிக்குமேல் வரி கூட்டிப் பார்க்க வேண்டும். கமக்காரர் அமைப்புகள் வெங்காய அறவீட்டைக் கேட்டுப் போடும் மகஜரில் இந்தப் பட்டியலை இணைத்தால் பேச்சுக்கு எடை கூடும். விதைக்கிழங்கு 0701.10, உணவுக்கிழங்கு 0701.90 என்று தனித்தனிக் குறியீடு. ஒன்றைக் கூட்டச் சொல்லும் கடிதம் மற்றதையும் சேர்த்து இழுக்காதபடி குறியீட்டை எழுதிக் கேட்பது நல்லது.

ஏன் அறவீடு அரசியலில் இவ்வளவு உயிரோடு இருக்கிறது? மாதம் 4 கிலோ கிழங்கு வாங்கும் வீட்டுக்கு 80 ரூபா அறவீட்டால் வரக்கூடிய சுமை 320 ரூபா. அதற்காக ஒருவரும் வீதிக்கு இறங்க மாட்டார்கள். நாலு பரப்பு, அதாவது கால் ஏக்கர், கிழங்கு நட்டவர் ஹெக்டேயருக்கு 15 தொன் என்ற கணக்கில் 1,500 கிலோ எடுப்பார். விலை 20 ரூபா அசைந்தால் அவருக்கு 30,000 ரூபா. அவர் வீதிக்கு இறங்குவார். அமைச்சரும் மாலையோடு வருவார். ஆனால் மொத்தத்தில் அந்த 320 களைக் கொடுப்பவர்களில் நாட்கூலிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள், சாப்பாட்டுச் செலவே வருமானத்தில் பெரும்பங்கானவர்கள். யாழ்ப்பாணத்திலேயே கிழங்கு நடுபவரை விடக் கிழங்கு வாங்குபவர் பல மடங்கு. தோட்டக்காரரின் பக்கம் நின்று எழுதும்போதும் இதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.

ஆகவே, கூட்டு என்று கேட்பதை விட, திகதியைச் சொல் என்று கேட்பதுதான் பயனுள்ள கோரிக்கை. பருவகாலத் தீர்வை உலகத்தில் புதிதல்ல. பல நாடுகள் தங்கள் பழம், மரக்கறி அறுவடை மாதங்களுக்கு ஒரு தீர்வையும் மற்ற மாதங்களுக்கு வேறொரு தீர்வையும் ஏற்கனவே அட்டவணையில் எழுதி வைத்திருக்கின்றன. நமக்கும் அப்படிச் செய்யலாம். பெப்ரவரி முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை யாழ்ப்பாணக் கிழங்குக்காக ஓர் அளவு, ஆகஸ்ட் முதல் ஒக்டோபர் வரை வெலிமடைக்கும் தம்புள்ளைக்கும் ஓர் அளவு, இடையில் தாழ்ந்த அளவு. விதைக்கிழங்குக்குப் பதியும் ஒக்டோபருக்கு முன்னரே அது வர்த்தமானியில் இருந்தால், எத்தனை பரப்பு நடுவது என்பதைக் கமக்காரர் கணக்குப் போட்டுத் தீர்மானிப்பார். இறக்குமதியாளருக்கும் முதல்நாள் ஓட்டம் தேவைப்படாது. முந்திக்கொண்டு இறக்கிக் குவிப்பது முழுதும் நிற்காது, ஆனால் உட்செய்திக்கு விலை இல்லாமற் போகும். தொகையைச் சதவீதத்தில் போட்டு, கீழே கிலோவுக்கு இவ்வளவுக்குக் குறையாமல் என்று ஓர் எல்லையும் வைத்தால், ரூபாத் தேய்மானத்துக்கும் பொய் விலைச்சீட்டுக்கும் ஒரே நேரத்தில் மருந்து.

இதற்கு நிதி அமைச்சு சம்மதிக்க நாளாகும். நள்ளிரவு அதிகாரத்தை யாரும் சும்மா விட்டுக்கொடுப்பதில்லை. அதற்கு முன்னரே கேட்கக்கூடிய ஒன்று இருக்கிறது. இறங்கும் ஒவ்வொரு கொள்கலனும் சுங்கத்தின் அசிகுடா கணினியில் குறியீடு, எடை, திகதியோடு பதிவாகிறது. எந்த நிறுவனம் என்ற விபரம் தேவையில்லை. கடந்த வாரம் பெரிய வெங்காயம் எத்தனை தொன், உணவுக்கிழங்கு எத்தனை தொன், சின்ன வெங்காயம் எத்தனை தொன் விடுவிக்கப்பட்டது என்ற மூன்று எண்களைத் திங்கட்கிழமை தோறும் மூன்று மொழியிலும் வெளியிட்டால் போதும். இந்த வாரம் பிடுங்குவதா, பிடி கட்டிக் கொட்டிலில் தொங்கவிடுவதா என்பதை மருதனார்மடச் சந்தைக்குப் போக முன்னரே ஒருவர் முடிவெடுத்துக்கொள்ளலாம்.